வெல்லக்கூடியவர்கள் ஏன் விலகுகிறார்கள்?

2010 ஜனவரி 5. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநில செனட்டர் பைரன் டார்கன், வரும் நவம்பர் தேர்தலில் தான் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். மறுநாளே கனெக்டிகட் மாநிலத்தின் ஈஸ்ட் ஹேடம் என்ற சிற்றூரில், தன் வீட்டு வாசலில் நின்றபடி கிறிஸ் டாட் அதே செய்தியைச் சொன்னார். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். டார்கன் 1992 முதல் செனட்டில் இருந்தவர். டாட் 1981 முதல் இருந்தவர், வங்கிகள் தொடர்பான நிலைக்குழுவின் தலைவர். ஒபாமா பதவியேற்று ஓராண்டு முடியும் முன்பே காற்று திசை மாறியிருந்தது. டார்கனுக்கு எதிராக மாநிலத்தின் செல்வாக்கு மிக்க ஆளுநர் ஜான் ஹோவன் களமிறங்குவார் என்ற பேச்சு இருந்தது. நிதி நெருக்கடிக்குப் பிந்தைய கோபம் முழுவதும் டாட் மீது திரும்பியிருந்தது. கருத்துக்கணிப்புகளில் அவர் பின்தங்கியிருந்தார். தன் அரசியல் நிலைமை நன்றாக இல்லை என்பதை அவர் அன்று மறைக்கவும் இல்லை.

ஒரே கட்சி, ஒரே ஆண்டு, அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஆனால் அந்த இரண்டு இடங்களும் ஒரே கதியை அடையவில்லை. வடக்கு டகோட்டாவில் ஹோவன் ஏறத்தாழ முக்கால்வாசி வாக்குகளை அள்ளிக்கொண்டு போனார். கனெக்டிகட்டிலோ டாட் விலகிய அன்றே, ஏறத்தாழ 20 ஆண்டுகளாக மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ரிச்சர்ட் புளூமென்தால் களத்தில் குதித்தார். நவம்பரில் எளிதாக வென்றார். டார்கன் விலகியதால் கட்சி ஓர் இடத்தை இழந்தது. டாட் விலகியதால் கட்சி ஓர் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

கடினமான தேர்தலுக்கு முன் மூத்த அரசியல்வாதி ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் நாம் உடனே சொல்லிவிடுவது ஒன்றுதான்: தோல்வி பயம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற கணக்கில் அவரைச் சேர்த்துவிடுகிறோம். டாட் விஷயத்தில் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் விலகியவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் விட்டுப்போன தொகுதிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் படம் வேறு மாதிரி தெரிகிறது. பலர் விட்டுப்போனது, நின்றிருந்தால் அநேகமாக வென்றிருக்கக்கூடிய தொகுதிகளை. வென்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, கிடைப்பது போதாது என்று முடிவு செய்து போனவர்கள் அவர்கள். தோல்வியை விட, வெற்றுக் கையோடு வரும் வெற்றிதான் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது என்பது என் எண்ணம்.

இதற்கு 2018 நல்ல சான்று. டிரம்ப் அதிபரான பிறகு, அவரது பதவிக்காலத்தின் நடுவில் வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அதிபரின் கட்சி அப்படிப்பட்ட தேர்தலில் பெரும்பாலும் அடி வாங்கும் என்பது அமெரிக்காவில் பழகிப்போன நடைமுறை. குடியரசுக் கட்சியில் கீழவை நிலைக்குழுத் தலைவர்கள் வரிசையாக ஓய்வு அறிவித்தார்கள்: நிதிச் சேவைகள் குழுவின் ஜெப் ஹென்சார்லிங், நீதித்துறைக் குழுவின் பாப் குட்லாட், அறிவியல் குழுவின் லாமர் ஸ்மித், போக்குவரத்துக் குழுவின் பில் ஷூஸ்டர், வெளியுறவுக் குழுவின் எட் ராய்ஸ். இவர்களில் ராய்ஸின் கலிஃபோர்னியத் தொகுதி மட்டும் எதிர்க்கட்சிக்குப் போயிற்று. மற்ற நால்வர் விட்டுப்போன தொகுதிகளிலும், கட்சிக்கு மிக மோசமான அந்த ஆண்டிலும், குடியரசுக் கட்சியே வென்றது.

பிறகு ஏன் போனார்கள்? அந்தக் கட்சியில் 1995 முதல் ஒரு விதி உண்டு: ஒருவர் ஒரு நிலைக்குழுவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. இந்த ஐவருக்கும் அந்தக் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. ஹென்சார்லிங் தன் அறிவிப்பிலேயே, தலைவர் பதவி அடுத்த ஆண்டு முடிவதால் இதுவே சரியான நேரம் என்று சொல்லிவிட்டார். தலைவராக இருக்கும்வரை மசோதா எது விவாதத்துக்கு வர வேண்டும், யாரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அதன் பிறகு பின்வரிசையில் ஓர் இருக்கை. கட்சி பெரும்பான்மையை இழந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கக் கீழவையில் சிறுபான்மைக் கட்சிக்குக் கிட்டத்தட்ட எந்த அதிகாரமும் கிடையாது. பேசலாம், எதிர்த்து வாக்களிக்கலாம், அவ்வளவுதான். இருபது ஆண்டு காத்திருந்து நாற்காலியைப் பிடித்தவருக்கு இன்னொரு முறை கடைசி வரிசையிலிருந்து தொடங்க மனம் வருவதில்லை. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி சுமார் 40 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து அவையைக் கைப்பற்றியது. விலகியவர்களின் கணக்கு தப்பவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் அவைத் தலைவர் பால் ரயனும் விலகினார். இன்னொரு முறை இருந்தால் தன் பிள்ளைகளுக்குத் தன்னை 'வார இறுதி அப்பா'வாக மட்டுமே தெரிந்திருக்கும் என்றார். குடும்பத்தோடு நேரம் செலவிடப் போகிறேன் என்ற வாசகத்தை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்; விலகல் கடிதங்களில் அது தேய்ந்துபோன வரி. பதினாறு வயதில் தந்தையை இழந்தவர் ரயன், அவர் சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடும்பம் நேற்று முளைத்ததல்ல. அது எப்போதும் தராசின் ஒரு தட்டில் இருக்கிறது. எதிர்த்தட்டில் இருக்கும் அதிகாரம் எடை குறையும்போது குடும்பத்தின் தட்டு தானாகவே தாழ்கிறது. கடிதத்தில் காரணமாகக் குறிப்பிடப்படுவது தாழ்ந்த தட்டு. எந்தத் தட்டு லேசாயிற்று என்பதை யாரும் எழுதுவதில்லை.

பிரிட்டனில் இதே கதை 2024-இல் பெரிய அளவில் நடந்தது. மே 22 அன்று கொட்டும் மழையில் நனைந்தபடி ரிஷி சுனக் தேர்தலை அறிவித்தபோது, கருத்துக்கணிப்புகளில் தொழிற்கட்சி ஏறத்தாழ 20 புள்ளிகள் முன்னே இருந்தது. மொத்தம் 132 உறுப்பினர்கள் மறுபடியும் நிற்கவில்லை. அவர்களில் 75 பேர் சுனக்கின் கன்சர்வேட்டிவ் கட்சியினர். இந்த 75 பேரை ஒரே மூட்டையில் கட்ட முடியாது. முன்னாள் துணைப் பிரதமர் டொமினிக் ராப் 2019-இல் தன் தொகுதியில் 2,743 வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியிருந்தார். அவர் விலகியதற்கு விளக்கமே தேவையில்லை. மைக்கேல் கோவ் தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு நாள் கழித்து, அரசியலில் யாரும் கட்டாயப் படைவீரர் அல்லர், விருப்பத்தோடு வந்தவர்களே, கிளம்ப வேண்டிய நேரம் ஒன்று வரும் என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டுக் கிளம்பினார். அவரது தொகுதியை லிபரல் டெமாக்ரட்டுகள் பிடித்தார்கள். முன்னாள் பிரதமர் தெரேசா மே, 27 ஆண்டுகளாக வைத்திருந்த மெய்டன்ஹெட் தொகுதியும் அப்படியே போயிற்று. ஆனால் சஜித் ஜாவிதின் கதை வேறு. நிதியமைச்சராகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். 2019-இல் புரோம்ஸ்குரோவ் தொகுதியில் அவர் பெற்ற வித்தியாசம் 23,000-க்கும் மேல். அவர் போன பிறகும் அந்தத் தொகுதியைக் கட்சி தக்கவைத்துக்கொண்டது. நின்றிருந்தால் அவரும் வென்றிருப்பார். வென்று எங்கே உட்கார்ந்திருப்பார்? வெறும் 121 பேர் கொண்ட எதிர்க்கட்சி வரிசையில், பல ஆண்டுகளுக்கு.

ஜாவித் அறிவித்த காலத்தையும் கவனிக்க வேண்டும். அது 2022 டிசம்பர், தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டு முன்பு. மறுபடியும் நிற்பீர்களா, மாட்டீர்களா என்று டிசம்பர் 5-க்குள் சொல்லிவிடும்படி கட்சித் தலைமை தன் உறுப்பினர்களிடம் கேட்டிருந்தது. விலகல் என்பது மனசாட்சி நள்ளிரவில் எழுப்பிச் சொல்லும் செய்தி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது படிவத்தில் இருக்கும் கடைசித் தேதி.

வெற்றியால் கிடைப்பது ஒரு பக்கம் என்றால், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இன்னொரு பக்கம். அந்த விலையை ஏற்றிவிடுவது எதிரணி மட்டும் அல்ல. தொகுதி மறுசீரமைப்பு வந்தால், முப்பது ஆண்டுகளாகக் கட்டிய வீட்டின் பாதியை இடித்துவிட்டு மறுபடி கட்டு என்று சொல்வது போலாகிவிடும். டாட் பெயரோடு சேர்ந்து நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் இருக்கும் இன்னொரு பெயர் மசாசூசெட்ஸின் பார்னி ஃபிராங்க். 1981 முதல் கீழவையில் இருந்தவர். 2011 நவம்பரில் அவர் விலகலை அறிவித்தபோது புதிய தொகுதி எல்லைகளைக் காரணமாகச் சொன்னார். லட்சக்கணக்கான புதிய வாக்காளர்கள் அவர் தொகுதிக்குள் வந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயதில் அவர்களிடம் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும். அந்தத் தொகுதியில் அவர் கட்சி தோற்பதற்கு வாய்ப்பு குறைவு. அடுத்த ஆண்டு அவர் கட்சியே வென்றது. பிரச்சினை முடிவில் இல்லை, முடிவுக்குப் போகும் வழியில் இருந்தது.

வேறு சிலருக்குக் கடினமான தேர்தல் சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அரிசோனா செனட்டர் ஜெஃப் ஃபிளேக் 2017 அக்டோபரில் அவையிலேயே எழுந்து நின்று தான் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார். டிரம்பை வெளிப்படையாக விமர்சித்தவர். உட்கட்சி வேட்பாளர் தேர்வில் தன்னைப் போன்றவர் வெல்லும் பாதை மிகவும் குறுகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். அங்கே வெல்வதென்றால் தான் சொன்னதையெல்லாம் விழுங்க வேண்டும். அதுவும் வெற்றியின் விலைதான்.

கட்சியே டிக்கெட் கொடுக்கும் அமைப்பில், இந்தியாவில் இருப்பதைப் போல, இந்தத் தேர்தல் கட்சி அலுவலகத்தில் நடந்து முடிகிறது. வாக்காளருக்கு அதன் முடிவு மட்டும் கிடைக்கும். 1989 முதல் தொடர்ந்து எட்டு முறை இந்தூரில் வென்றவர் சுமித்ரா மகாஜன். மக்களவைத் தலைவராகவும் இருந்தவர். 2019-இல் அவர் தொகுதிக்கு வேட்பாளர் அறிவிப்பு இழுத்துக்கொண்டே போயிற்று. ஏப்ரலில் அவர், இந்தத் தயக்கம் எதற்கு, நான் நிற்கவில்லை, கட்சி தாராளமாக முடிவெடுக்கட்டும் என்று கடிதம் எழுதிவிட்டார். பொதுத் தேர்தல் அவருக்குக் கடினமானதே அல்ல. அவருக்குப் பதில் நின்றவர் ஐந்து லட்சம் வாக்குகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 2014-இல் சிவகங்கையில் நடந்தது நேர்மாறு. அங்கு ஏழு முறை வென்றவர் ப. சிதம்பரம், ஏழாவது முறை, 2009-இல், வித்தியாசம் 3,354 வாக்குகள். அடுத்த தேர்தலில் திமுகவுடன் கூட்டணி இல்லை, நாடு முழுவதும் அலை எதிராக அடித்தது. அவர் நிற்கவில்லை, அவர் மகன் கார்த்தி நின்றார், நான்காம் இடத்துக்குப் போய் டெபாசிட்டை இழந்தார். சிதம்பரம் 2016-இல் மகாராஷ்டிரத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். நேரடித் தேர்தல் இல்லாத ஓர் அவை இருக்கும் நாட்டில், தேர்தலை விட்டு விலகுவது அரசியலை விட்டு விலகுவதாகாது. அமெரிக்கரைப் போல இவர்கள் கடைசி முடிவு எடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச யாரும் விரும்புவதில்லை. ஆனால் 1992-ஐ மறக்க முடியாது. அமெரிக்கக் கீழவையில் அந்த ஆண்டு 60-க்கும் மேற்பட்டோர் ஓய்வை அறிவித்தார்கள். அவையின் வங்கியில் உறுப்பினர்கள் இருப்புக்கு மேல் காசோலை எழுதிய ஊழல் ஒரு பக்கம், புதிய தொகுதி எல்லைகள் இன்னொரு பக்கம். மூன்றாவதாக ஒரு சட்ட விதியும் இருந்தது. 1980-க்கு முன்பே அவைக்கு வந்தவர்கள், செலவழியாமல் மிஞ்சிய பிரசார நிதியைச் சொந்தப் பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய சலுகை அந்த அவையோடு முடிவுக்கு வந்தது. அடுத்த அவைக்கு வென்று வந்தால் அந்த உரிமை போய்விடும். கடினமான தேர்தலில் நின்றால் பணமும் செலவாகும், சலுகையும் போகும். ஒதுங்கினால் பணம் வீட்டுக்கு வரும். எத்தனை பேர் அதற்காகவே போனார்கள் என்பதை அவரவர் மனசாட்சிதான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் விதி எதிர்த்திசையில் தள்ளுகிறது. 2010 வரை, தானாக விலகியவருக்கும் தோற்றவருக்கும் மறுவாழ்வுத் தொகை கிடைத்தது. இப்போது பதவியிழப்புத் தொகை, தன் தொகுதியில் நின்று தோற்றவருக்கு மட்டுமே. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் வேட்புமனு போட ஒரு காரணத்தை விதியே எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஒருவர் விலகுவது அவரோடு நிற்பதும் இல்லை. அமெரிக்கக் கீழவையில் மறுபடியும் நிற்கும் உறுப்பினர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெரும்பாலான தேர்தல்களில் வென்றுவிடுகிறார்கள். பழகிய முகம், பெயர், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் அவரோடு இருக்கின்றன. அவர் போனால் அவையும் போகின்றன. இதுவரை தயங்கி நின்ற எதிரணியின் வலுவான ஆள், காலியான தொகுதி என்றதும் துணிந்து வருகிறார். 1980-களின் தொடக்கத்திலேயே கேரி ஜேக்கப்சன், சாமுவேல் கெர்னல் என்ற அரசியல் அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: அலை அடிக்கும் என்று எதிர்பார்த்து நல்ல வேட்பாளர்கள் ஒரு பக்கம் முன்வருவதும் மறுபக்கம் ஒதுங்குவதுமே அந்த அலையில் கணிசமான பகுதியை உண்டாக்கிவிடுகிறது. தோற்போம் என்று நினைத்தவர்கள் விலகுகிறார்கள். அவர்கள் விலகியதால் கட்சி தோற்கிறது. பார்த்தீர்களா, சரியாகத்தான் விலகினேன் என்கிறார்கள். கட்சித் தலைமைகள் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் மூத்தவர்களிடம் கெஞ்சுவது இதனால்தான்.

தலைவர்களே விலகும்போது மட்டும் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. கனடாவில் பிரையன் மல்ரோனி 1993 பிப்ரவரியில், மக்களின் வெறுப்பு உச்சத்தில் இருந்தபோது, விலகுவதாக அறிவித்தார். ஜூனில் கிம் கேம்பெல் பிரதமரானார். அக்டோபரில் 150-க்கும் மேற்பட்ட இடங்களோடு தேர்தலுக்குப் போன ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. கேம்பெல் தன் தொகுதியையும் இழந்தார். உடைந்த பானையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டுப் போவது என்றால் இதுதான். அதே நாட்டில் ஜஸ்டின் ட்ரூடோ 2025 ஜனவரியில் விலகலை அறிவித்தபோது எல்லோருக்கும் மல்ரோனிதான் நினைவுக்கு வந்தார். ஆனால் மார்ச்சில் வந்த மார்க் கார்னி ஏப்ரல் 28 தேர்தலில் கட்சியை வெல்ல வைத்துவிட்டார். டிரம்பின் வரி மிரட்டல் அதற்குப் பெரிதும் உதவியது, உண்மைதான். ட்ரூடோ நாற்காலியை விடாமல் இருந்திருந்தால் அந்த மிரட்டலால் பயன்பெற அங்கே வேறு ஆள் இருந்திருக்க முடியாது.

விலகாமல் நின்றவர்களும் உண்டு. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட், தன் நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோவிடம் பொறுப்பை ஒப்படைக்காமல் 2007-இல் நின்று, ஆட்சியோடு 1974 முதல் தன்னிடம் இருந்த பென்னலாங் தொகுதியையும் இழந்தார். ஜெர்மனியில் 16 ஆண்டு ஆண்ட ஹெல்முட் கோல் 1998-இல் மக்களால் அனுப்பப்பட்டார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த அங்கேலா மெர்க்கல் தன் முறை வந்தபோது 2018-லேயே, இதுவே கடைசி என்று சொல்லிவிட்டார். 1967-இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் காமராஜர் தோற்றதும் இந்த வரிசையில்தான் வரும். ஆனால் தோற்றவரால் திரும்பி வர முடிந்தது. 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் வென்று மக்களவைக்குப் போனார். களத்தில் விழுந்தவருக்கு மக்களிடம் ஒரு பாக்கி இருக்கிறது. களத்துக்கே வராதவருக்கு அது இல்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் எவன் பேய் இதைச் செலவு செய்து கற்றுக்கொண்டார். இரண்டு முறை ஆளுநர், 1999 முதல் செனட்டர், கையில் ஒரு கோடி டாலருக்கும் மேல் பிரசார நிதி. 2010 பிப்ரவரி 15 அன்று, வேட்பாளர் ஆதரவுக் கையெழுத்துகளைக் கொடுப்பதற்கான கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, தான் நிற்கவில்லை என்றார். இவ்வளவு குறுகிய நேரத்தில் வேறு யாரும் தயாராக முடியவில்லை. கட்சித் தலைமையே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. குடியரசுக் கட்சியின் டேன் கோட்ஸ் வென்றார். பேய் ஒரு சட்ட நிறுவனத்திலும் ஒரு முதலீட்டு நிறுவனத்திலும் சேர்ந்தார். ஆறு ஆண்டு கழித்து, 2016-இல், காற்று சாதகமாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பி வந்தார். பழைய நிதி ஏறத்தாழ ஒரு கோடி டாலர் அப்படியே இருந்தது, கணிப்புகளில் முன்னிலையும் இருந்தது. நவம்பரில் சுமார் பத்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதற்கு முன்பே ஆகஸ்டில் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், இண்டியானாபொலிஸில் உங்கள் வீட்டு முகவரி என்ன என்று அவரிடம் கேட்டார். பேய் சொன்ன முகவரி தவறாக இருந்தது.